ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே பாட்டு

நீலகிரியின் இத்தலாரில் ஒரு வீட்டில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் புல்லாங்குழல் வாசிக்கும் நண்பர், சென்னையில் தபலாக்காரர், லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே பாடும் அக்கா. நாலு பேருக்கும் ஒரே ஆசைதான்: ‘கண்ணே கலைமானே’ பாட்டைச் சேர்ந்து வாசித்து யூடியூபில் ஏற்ற வேண்டும். நீலகிரிக்காரர்கள் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. 1982-ல் வந்த ‘மூன்றாம் பிறை’ நம் கேத்தியில் படமானது. இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய இந்தத் தாலாட்டுதான் கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாட்டு என்பார்கள். படம் வெளிவர நாலு மாதம் இருக்கும்போதே, 1981 அக்டோபரில் அவர் காலமாகிவிட்டார்.

சேர்ந்து வாசிப்பது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வீடியோ கால். நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ சொல்லி ஆரம்பித்தால் போதாதா? போதாது. நாலாவது அடி முடிவதற்குள் எல்லாம் கலைந்துவிடும். இதற்கு யாருடைய தாள ஞானமும் காரணமில்லை.

ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. படுகர் ஊரான ஹட்டியில் திருவிழா ஆட்டம் நடக்கும்போது மைதானத்தின் ஒரு முனையில் விழும் பறையடி, 34 மீட்டர் தள்ளி ஆடுகிறவரின் காதுக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதித்துத்தான் வருகிறது. அவர் பக்கத்து ஆளின் காலைப் பார்த்து அடி வைப்பதால் வட்டம் குலைவதில்லை. வாசிக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்குக் காதுதான் எல்லாம். மேடையில் மூன்று மீட்டர் இடைவெளியில் இருக்கும் இருவருக்கு நடுவே ஒலி கடக்க 9 மில்லி விநாடி ஆகும். அதை யாரும் உணர்வதில்லை. 25, 30 மில்லி விநாடியைத் தாண்டும்போது தாளம் இழுப்பது காதுக்கே தெரியத் தொடங்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டலை மற்றவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்திக் கேட்கவைத்தார்கள். தாமதம் 11.5 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் இருக்கும்போது தாளம் நிலையாக நின்றது. அதற்கு மேலே போகப்போக வேகம் குறைந்தது. தாமதமே இல்லாதபோது மாறாக இருவரும் ஓட ஆரம்பித்தார்கள். மனிதக் காது சிறிது இடைவெளியை எதிர்பார்த்தே சேர்ந்து வாசிக்கப் பழகியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இப்போது லண்டன் அக்காவுக்கு வருவோம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். தமிழ்நாட்டிலிருந்து லண்டன் நேர்கோட்டில் 8,000 கி.மீ.க்கு மேல். இழை நேராகவே போனாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் 40 மில்லி விநாடி போய்விடும். உண்மையில் அது கடலடியில் சுற்றிச் சுற்றிப் போகிறது. அதற்குமேல் இரு முனைகளிலும் ஒலியை எண்ணாக மாற்ற, பொட்டலம் கட்ட, வரிசைப்படுத்த, திரும்ப ஒலியாக்க என்று நேரம் பிடிக்கும். கடைசியில் வீடியோ காலில் 100, 200 மில்லி விநாடி சர்வ சாதாரணம். போதாக்குறைக்கு அந்தச் செயலிகள் எல்லாம் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவர் குரலை அமுக்கும். தபலாவின் சத்தத்தைத் தெருக்கூச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும்.

இந்தத் தாமதத்தை விரட்ட ஜாக்டிரிப், ஜாமுலஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு நடுவே, இருபுறமும் கம்பிவழி ஃபைபர் இணைப்பு இருந்தால் இவை வேலை செய்யும். மழைக்காலத்தில் மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் மலை வீட்டுக்கு இந்தப் பாதை சரிப்படாது. ஒரே நேரத்தில் வாசிக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான். விட்ட பிறகுதான் வழி திறக்கிறது.

ஊரடங்கில் பிறந்த தொடர்

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கச்சேரி, ஒலிப்பதிவு எல்லாம் நின்றன. ஜெயா டிவியில் ‘ராகமாலிகா’ நிகழ்ச்சியை நடத்திய சுபஸ்ரீ தணிகாசலம், அந்த நாட்களில் ‘குவாரண்டைன் ஃப்ரம் ரியாலிட்டி’ என்ற தொடரை யூடியூபில் தொடங்கினார். சுருக்கமாக க்யூ.எஃப்.ஆர். ஒரு பகுதிக்கு ஒரு பழைய பாட்டு. பாடுகிறவர் ஒரு வீட்டில், தாளம் இன்னொரு வீட்டில், கீபோர்டு வேறொரு வீட்டில். ஷ்யாம் பெஞ்சமின் கீபோர்டும் இசைக்கோவையும், வெங்கடசுப்பிரமணியன் மணி தாளக் கருவிகள், சிவகுமார் ஸ்ரீதர் காணொளித் தொகுப்பு. இந்தப் பெயர்களைத் தமிழ் ரசிகர்கள் இன்று வாய்ப்பாடமாகச் சொல்கிறார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் தொடர் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான பாடல்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

பாட்டைப் போலவே அதற்கு முன் சுபஸ்ரீ பேசும் சில நிமிடங்களும் முக்கியம். இந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின்கள் நுழைகின்றன, எங்கே தாளம் மாறுகிறது, சரணத்தில் மெட்டு எப்படித் திரும்புகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் பாட்டை விடுவார். திரையில் தபலா வாசிக்கும் கையும் பாடும் முகமும் ஒரே அளவு கட்டத்தில் வரும். பழைய திரையிசையில் பெயர் தெரியாமலே போன நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களை நினைத்தால், இந்தச் சம அளவுக் கட்டம் எவ்வளவு பெரிய மரியாதை என்பது புரியும்.

தனித்தனியாக வாசித்து ஒன்றாக்குவது புதிய யோசனை இல்லை. 1948-ல் லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர், வீட்டு கார் கொட்டகையில் எட்டுக் கிட்டார் பாகங்களையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து ‘லவர்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். நம் ஊரில் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டி, வாத்தியக்காரர்களைத் தனித்தனியாக அழைத்துப் பதிவுசெய்து கோத்தார். 1992-ன் ‘ரோஜா’ அப்படி வந்ததுதான். 2010-ல் இசையமைப்பாளர் எரிக் விட்டேகர் 12 நாடுகளின் 185 குரல்களை வீட்டுக் காணொளிகளிலிருந்து சேர்த்து ஒரு சேர்ந்திசை செய்தார். 2020-ல் அதே முயற்சியில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பாடினார்கள். காந்தியின் 150-ஆவது ஆண்டை ஒட்டி 2018 அக்டோபர் 2-ல் வெளியான ‘வைஷ்ணவ ஜனதோ’ காணொளியில் 124 நாட்டுக் கலைஞர்கள் ஆளுக்கொரு அடியாகப் பாடினார்கள்.

பெரிய எண்ணிக்கைகள் பிரமிப்பூட்டலாம். ஆனால் இத்தலார் வீட்டுக்கு வழிகாட்டுவது க்யூ.எஃப்.ஆர். தான். ஐந்தாறு பேர், ஒரு பழைய பாட்டு, அதை அப்படியே மதித்து வாசிக்கும் பிடிவாதம்.

யார் முதலில் வாசிப்பது?

இந்த வேலையில் வரிசைதான் உயிர். ஒருவர் வாசித்ததைக் காதில் போட்டுக்கொண்டு அடுத்தவர் வாசிப்பார். அந்த இரண்டையும் கேட்டு மூன்றாமவர். முதலில் வாசிப்பவர் செய்யும் முடிவுகளை அதற்குப் பின் யாரும் மாற்ற முடியாது. அவர் கொஞ்சம் விரைந்தால் எல்லோரும் விரைவார்கள்.

முதல் முடிவு சுருதி. யேசுதாஸ் பாடிய கட்டையில் லண்டன் அக்கா பாட முடியாது. ஆண்கள் பொதுவாக ஒன்று, இரண்டு கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள். அக்கா தன் குரலில் கீழே எட்டும் சுரத்தையும் மேலே எட்டும் சுரத்தையும் பாடி அனுப்பிய பிறகுதான் கட்டை முடிவாக வேண்டும். கீபோர்டுக்காரருக்கு இது ஒரு பொத்தான். கிட்டாராக இருந்தால் விரலமைப்பே மாறும். புல்லாங்குழல்காரர் வேறு குழலையே எடுக்க வேண்டும், ஒரு மூங்கில் குழலுக்கு ஒரு சுருதிதான் என்பதால். தபலாக்காரரும் அந்தக் கட்டைக்கு ஏற்ற வலது தபலாவை வைத்திருக்க வேண்டும். ஆகையால் கட்டை முடிவாகாமல் யாரும் ஒரு நோட்டும் பதிவுசெய்யக் கூடாது. பாதிப் பேர் வாசித்த பிறகு ‘அரைக் கட்டை இறக்கலாமா’ என்று கேட்பதில் எத்தனையோ கூட்டு முயற்சிகள் முறிந்திருக்கின்றன.

பழைய பதிவோடு ஒத்துப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். நாடாவிலிருந்து இசைத்தட்டு, இசைத்தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கணினி என்று மாறி வந்த பாட்டின் வேகம் வழியில் எங்கேயோ மாறியிருக்கும். அதன் சுருதி கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அதைத் துரத்த வேண்டாம். பக்கத்துக் கட்டைக்கு நகர்த்திக்கொள்வதே சரி.

அடுத்தது காலப்பிரமாணம். என் பார்வையில் முழு வேலையின் கடினமான இடம் இது. இன்று பாட்டு செய்கிறவர்கள் கிளிக் வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணினி காதில் டிக் டிக் என்று அடிக்கும். ஆனால் 1950, 60-களில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, இசையமைப்பாளரின் அல்லது அவர் உதவியாளரின் கையசைவைப் பார்த்து, பாடகருடன் சேர்ந்தே வாசித்தார்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதிவுகளில் பல்லவி ஒரு நடையில் இருக்கும், சரணம் துளி முன்னே போகும், மீண்டும் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பாடகர் மூச்செடுக்க எல்லோரும் ஒரு கணம் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு யாரும் எழுதிவைத்ததில்லை. ஒருவரை ஒருவர் பார்த்ததால் வந்தது. ஒரே வேகக் கிளிக்கை அதன்மேல் வைத்தால் நோட்டுகள் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. மூலப் பாட்டை மென்பொருளில் போட்டு, ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, விழும் இடத்தைக் கையால் குறித்துக்கொண்டே போக வேண்டும். ரீப்பர் போன்ற மென்பொருள்கள் அந்தக் குறிகளை வைத்து வேக வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும். பிறகு கிளிக் அந்த வரைபடத்தின்படி ஏறியும் இறங்கியும் அடிக்கும். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு ஒரு மாலை முழுக்கப் போகலாம். அந்த மாலையைச் செலவழிக்காமல் செய்த கவர்கள் (பழைய பாட்டின் மறுவாசிப்புகள்) ஏன் காதில் ஒட்டுவதில்லை என்பதற்கு இதுவே பதில்.

வரைபடம் தயாரானதும் இத்தலார் வீட்டில் பைலட் டிராக் பிறக்கும். கீபோர்டில் கார்டுகள், மேலே சன்னமாக மெட்டு, நான்கு தட்டு எண்ணிக்கை. இது இறுதிப் பாட்டில் வராது, வழிகாட்ட மட்டும். அடுத்து இது யாருக்குப் போக வேண்டும்? தபலாவுக்குப் போவதே வழக்கம். பாட்டு மெதுவானதாக, பாவம் நிறைந்ததாக இருந்தால் நான் குரலை முதலில் அனுப்பச் சொல்வேன். தாலாட்டைப் பாடுகிறவர் தன் மூச்சுக்குப் பாடட்டும், தபலா அந்த மூச்சைக் கேட்டு அடிக்கட்டும். அதன் பிறகு பாட்டைக் கேட்கிறவருக்கு இவர்கள் ஒரே அறையில் இருந்ததாகவே தோன்றும்.

மழையும் கம்பளியும்

பதிவுக்கு இன்றைய மொபைல் போதும். வேண்டியது வேறு சில கட்டுப்பாடுகள். புளூடூத் இயர்போன் கூடவே கூடாது. அதில் ஒலி வந்து சேர 150, 200 மில்லி விநாடி கூட ஆகும். அதைக் கேட்டு வாசித்தால் பாட்டு முழுக்கப் பின்தங்கும். கம்பி வைத்த இயர்போன், அதிலும் பாடகர் ஒரு காதைத் திறந்து வைத்தால் சுருதி நிற்கும். பாட்டை ஒரு கருவியில் கேட்டு, இன்னொரு கருவியில் பதிவுசெய்வது நல்லது. பதிவின் தொடக்கத்தில் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு கைதட்டல் கட்டாயம். எல்லோருடைய கைதட்டலையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும்.

இத்தலாருக்கென்று சில தொல்லைகள் உண்டு. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தென்மேற்குப் பருவத்தில் தகரக் கூரையின் கீழ் மைக் வைத்தால் பாட்டுக்குப் பதில் கூரைதான் பதிவாகும். மழை ஓய்ந்த பின்னிரவு அல்லது விடியற்காலைதான் சரியான நேரம். பனிமூட்டத்தில் ஈரம் ஏறித் தோல் தளர்வதால் தபலா, மிருதங்கத்தின் சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சரிபார்த்தே தீர வேண்டும். குளிரிலிருந்து அறைக்கு வந்த கிட்டார் தந்திகளும் அப்படித்தான், சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மலை வீட்டுக்கு ஒரு நன்மையும் உண்டு: கம்பளிகள். இரண்டு கம்பளிகளைக் கொடியில் தொங்கவிட்டு அவற்றின் நடுவே பாடினால் சுவரெதிரொலி அடங்கிவிடும்.

எதிரொலியை ஏன் அடக்க வேண்டும்? குளியலறையில் பாடிய குரலும் ஹாலில் வாசித்த குழலும் வேறு வேறு அறைகளைச் சுமந்துகொண்டு வரும். அவற்றைச் சேர்த்தால் பாட்டு நாலு அறையில் கேட்கும். எல்லோரும் எதிரொலி இல்லாமல் பதிவுசெய்து அனுப்பினால், கலவை செய்பவர் கடைசியில் ஒரே கூடத்தின் எதிரொலியை எல்லோருக்கும் பொதுவாகப் போடலாம். இல்லாத ஒரு கூடத்தில் நாலு பேரையும் உட்காரவைப்பது அவர் கைவேலை.

கோப்பு அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவோ வீடியோவாகவோ அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எல்லோரும் ஒரே மாதிரி வீதத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதிலேயே, வேவ் கோப்பாகப் பதிவுசெய்வது நல்லது. 44.1-ல் பதிவான கோப்பை மென்பொருள் பெரும்பாலும் தானே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் 48-ஆக ஓட்டிவிட்டால் மூன்றரை நிமிடப் பாட்டு 17 விநாடி சுருங்கி, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். மொபைல் வீடியோவுக்கு இன்னொரு குணம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் அது விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தானே மாற்றிக்கொள்ளும். அதனால்தான் முதல் பல்லவியில் ஒட்டியிருக்கும் உதடு கடைசிச் சரணத்தில் விலகிப் போகிறது. தொகுப்பதற்கு முன் வீடியோவை நிலையான வீதத்துக்கு மாற்றிக்கொண்டால் இது தீரும். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசம்.

பாட்டு யாருடையது?

இந்தியாவில் மெட்டுக்கும் வரிக்கும் படைத்தவரின் ஆயுள், அதன்பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை நிற்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்று தனிக் கணக்கு. 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, கவர் பதிவுகளுக்கு உரிமம் பெற வழிசெய்கிறது: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகை கட்ட வேண்டும். குறுந்தகடு போட்டு விற்பவரை மனதில் வைத்து எழுதிய ஏற்பாடு இது, நாலு நண்பர்களுக்கு எட்டாது.

யூடியூபில் நடைமுறை வேறு. அதன் அடையாள அமைப்பு மெட்டைக் கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தெரிவிக்கும். அவர் காணொளியை அனுமதிக்கலாம், விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், தடுக்கவும் செய்யலாம். பெரும்பாலான கவர்கள் இரண்டாவது வழியில்தான் உயிரோடு இருக்கின்றன. ஆகவே பணத்துக்காக இதில் இறங்க வேண்டாம். ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: மூலப் பாட்டிலிருந்து குரலை நீக்கி, மிச்ச இசையின்மேல் பாடி ஏற்றுவது கவர் ஆகாது. அது இன்னொருவரின் ஒலிப்பதிவையே எடுத்துப் பயன்படுத்துவது. நாலு பேரும் தாங்களே வாசித்த பாட்டுக்கும் அதற்கும் சட்டத்திலும் தூரம் உண்டு, உழைப்பிலும் தூரம் உண்டு.

காணொளியின் கீழே விளக்கத்தில் இசையமைப்பாளர், கவிஞர், மூலப் பாடகர், படம், ஆண்டு அனைத்தையும் எழுத வேண்டும். தபலாக்காரர் பெயரும் கலவை செய்தவர் பெயரும் பாடகரின் பெயருக்கு அருகிலேயே வரட்டும்.

திரைப்பாட்டில் கைபழகியவர்கள் அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது நம் ஹட்டிகளின் படுகப் பாட்டுகள் என்பது என் விருப்பம். வாய்வழியாகவே வந்த பல பாட்டுகள் இன்று வயதானவர்களிடம் மட்டும் இருக்கின்றன. அவற்றைப் பாட வேண்டிய பேரன் பேத்திகள் கோவையிலும் பெங்களூருவிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அதற்கு கிளிக்கும் வேண்டாம், பைலட் டிராக்கும் வேண்டாம். மழையில்லாத ஒரு காலையில் பாட்டியை அடுப்படியில் உட்காரவைத்து, மொபைலை ஒரு முழத் தூரத்தில் வைத்து, அவர் பாடுவதை நிறுத்தாமல் முழுக்கப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இடையில் இருமினாலும் வெட்ட வேண்டாம், இன்னொரு முறை பாடச் சொல்லி அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இழுக்கும் இடத்தில் வேக வரைபடம் இழுக்கட்டும், விரையும் இடத்தில் விரையட்டும். பெங்களூருவில் இருப்பவரின் கிட்டாரும் லண்டனில் இருப்பவரின் குரலும் அவர் பின்னால் வரட்டும்.